ஒன்பது பேர் திருப்பிய சாவி

மார்ச் 30, ஞாயிறு

காரின் மேல் கிடந்த தார்ப்பாயை இன்று எடுத்தேன். பின்சீட்டுக்குள் ஓர் எலி குளிர்காலம் முழுக்கக் குடும்பம் நடத்தியிருக்கிறது. மற்றபடி சுகம். மாம்பழ மஞ்சள் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை. எழுபத்தொன்றாம் ஆண்டு அமெரிக்கக் கார், இரண்டு கதவு, எட்டு சிலிண்டர். என்னைவிட ஐந்து வயது மூத்தது, என்னைப் போலவே குளிருக்கு எழும்பாது.

கையைக் கழுவுவதற்குள் தக்ஷினி ஃபோன் எடுத்தாள். அண்ணனின் மகள்.

"மாமி, ஆகஸ்ட் முப்பது. மண்டபம் எடுத்தாச்சு. அபினவ் உங்கட கார்லதான் வந்து இறங்கோணும். வேற கார் எண்டால் நான் மணவறைக்கே வரமாட்டன்."

"அம்மா என்ன சொல்றா?"

பிரெஞ்சில் ஏதோ முணுமுணுத்தாள். இவள் பிரெஞ்சுக்குத் தாவினால் விஷயம் சரியில்லை என்று அர்த்தம். அவளின் அம்மா, அதாவது என் மச்சாளும் நானும் கதைத்து ஒன்பது மாதம் ஆகப்போகிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

எழுதாவிட்டால் ஆறாது. எழுதிவிடுகிறேன்.

போன ஆனியில் அண்ணனின் மகன் திருமாறனுக்குக் கலியாணம். முன்னால் நாதஸ்வரமும் தவிலும், பின்னால் ஆள் நடக்கிற வேகத்தில் என் கார், உள்ளே தலைப்பாகையோடு மாப்பிள்ளை. முப்பத்துமூன்று பாகை வெயில். அந்தச் சூட்டில் ஊர்ந்தால் கார்பரேட்டருக்குள் பெற்றோல் கொதிக்கும். இஞ்சினுக்கு மூச்சு முட்டும். மண்டப வாசலுக்கு நூறடி முன்னால் நின்றது. திருப்பி எழுப்பினேன். திருப்பி நின்றது. கடைசியில் நாலு சித்தப்பாமார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள, மாப்பிள்ளை இறங்கி நடந்து போனான். தவில்காரர் மட்டும் நிறுத்தவில்லை, நல்ல மனுசன்.

மச்சாள் எல்லாருக்கும் கேட்கச் சொன்னா: "மாப்பிள்ளைக் கார் வாசலில நிண்டு போச்சே. ஆர் ஓட்டினது எண்டு பாருங்கோ."

என்ன கார் என்று கேட்கவில்லை. ஆர் ஓட்டினது என்று கேட்டா.

நான் புருசனை விட்டு வந்து பதினாலு வருடம். நானாகத்தான் வந்தேன், ஒரு நாளும் வருந்தியதில்லை. ஆனால் அன்றிலிருந்து எந்த நல்ல காரியத்திலும் ஆலாத்தித் தட்டை என் கையில் யாரும் தந்ததில்லை. வாசலில் மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்க இரண்டு பெண்கள் வேண்டும், இரண்டு பேரும் புருசனோடு வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும். நான் ஓரமாக நின்று பழகிவிட்டேன். பிறகு இந்தக் காரை வாங்கினேன். பஸ் ஓட்டுகிறவளுக்கு இது என்ன பெரிய வேலை? பதினொரு வருடத்தில் இருபத்துமூன்று மாப்பிள்ளைகளைக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறேன். மொன்றியலில் மாப்பிள்ளைக் கார் என்றால் அஜிதா. எனக்கும் ஓர் இடம் இருந்தது. அதையும் அந்தக் கார்பரேட்டர் கெடுத்துவிட்டது.

தக்ஷினியின் கலியாணத்துக்கு நான்தான் ஓட்டுவேன். கார் நிற்காது. முடிவு எடுத்தாயிற்று.

ஏப்ரல் 12, சனி

செயின்ட்-மிஷேலில் ஞானேந்திரன் அண்ணையின் கராஜுக்குப் போனேன். கார்பரேட்டரைக் கழற்றிவிட்டு எலெக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் போடப் போகிறேன் என்றேன். அவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மதம் மாறப்போகிறேன் என்று சொன்னால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"கார்பரேட்டர் எண்டால் நான் காதால கேட்டே சரி செய்து தருவன் பிள்ளை. உது கொம்பியூட்டர். உதுக்கு என்ன காது?"

"உங்கட காது போன ஆனியில எங்க அண்ணை போனது?"

சிரித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கார் தூக்குகிற இரண்டாவது லிஃப்டை நான் பாவிக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: அந்தக் கொம்பியூட்டர் பெட்டியைப் பற்றி அவரிடம் ஒரு கேள்வியும் கேட்கக்கூடாது.

ஏப்ரல் 26, சனி

பெட்டி வந்துவிட்டது. பூனைக்கு வாசம் பிடிக்கவில்லை, எனக்குப் பிடித்திருக்கிறது.

மே 4, ஞாயிறு

கார்பரேட்டர் வெளியே வந்தது. நாலு நட்டுத்தான். மூன்று சுகமாக வந்தன, நாலாவதற்கு ஒன்றரை மணித்தியாலம். புதியது அதே இடத்தில் சரியாக உட்கார்ந்தது. உருவத்தில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி, குணத்தில்தான் வித்தியாசம். பழையது காற்று இழுக்கிற இழுவையில் பெற்றோலைக் கொடுக்கும், சூடேறினால் தடுமாறும். புதியதில் நாலு இன்ஜெக்டர். எவ்வளவு வேண்டும் என்று ஒரு சின்னக் கணினி அளந்து அளந்து பீச்சும். புகைக்குழாயில் ஒரு சென்சர் இருந்து, கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சென்சருக்குக் குழாயில் துளை போட வேண்டும். ஞானேந்திரன் அண்ணை தானாகவே வந்து, துளையைப் போட்டு, வெல்டிங்கும் செய்துவிட்டுப் போனார். குழாய் பெட்டிக்குள் அடங்காதாம், அதனால் நிபந்தனையை மீறவில்லையாம்.

மே 5, திங்கள்

பஸ் டிப்போவில் மாக்கிரட் மூக்கைப் பிடித்தாள். அவள் மட்டக்களப்புக்காரி, எனக்கு முந்தின ஷிஃப்ட் ஓட்டுகிறவள். "என்ன கா, பெற்றோல்லயா குளிச்ச?" ஓம் என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

மே 19, திங்கள்

லீவு நாள். முழு நாளும் காருக்குக் கீழே. பெற்றோல் டாங்கியை இறக்கி, அதற்குள் புதுப் பம்பை வைத்து, மிஞ்சுகிற பெற்றோல் திரும்பி வர ஒரு குழாயும் ஓட்டினேன். பழைய பம்ப் பசித்தவனுக்குக் கஞ்சி ஊற்றுகிற மாதிரி மெல்ல ஊற்றும். இது அழுத்தத்தோடு தள்ளும். முதுகு போய்விட்டது. தலைமயிரில் துரு. இவ்வளவு சந்தோசமாக எப்போது இருந்தேன்?

ஜூன் 8, ஞாயிறு

அபினவ் வந்தான். சென்னைப் பொடியன், ஐடி வேலை, கோட்-டெ-நெய்ஜில் ஒரு அறையில் இருக்கிறான். தக்ஷினி பிடித்த மாப்பிள்ளை. எங்கள் பிள்ளைகள் என்னை மாமி என்பார்கள், இவனுக்கு நான் அத்தை.

"அத்தை, மேனுவல் பாத்தேன். எண்பத்திநாலு பக்கம். மெட்ரோவுலயே படிச்சிட்டு வந்துட்டேன், ஆன்லைன்ல இருக்கு."

"எப்பவாவது கார் பொனற் திறந்து பாத்திருக்கிறீரா ராசா?"

"இல்ல. ஆனா வயரிங் எனக்குப் புரியுது."

உண்மையாகவே புரிந்தது. எந்த வயரை நேராக பற்றரிக்குக் கொடுக்க வேண்டும், எது சாவியோடு உயிர் பெற வேண்டும் என்று அவன் வாசிக்க, நான் முறுக்கினேன். டாஷ்போர்டில் ஒட்டுகிற சின்னத் திரையில் எட்டு சிலிண்டர், இத்தனை லீற்றர் என்று அவனே பதிந்தான். போகும்போது கையெல்லாம் கறுப்பு. தக்ஷினிக்கு அனுப்ப அந்தக் கையை ஃபோட்டோ எடுத்தான். நல்ல பொடியன்.

ஜூன் 29, ஞாயிறு

அண்ணன் எடுத்தார். பேரின்பநாதன் என்று பெயர், வீட்டில் பேரின்பமும் இல்லை, நாதனும் இல்லை. மச்சாள் சொல்வதுதான்.

"அஜி, அவளுக்கு முன்னால ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் காட்டு. கண்ணால பாத்தால் ஒத்துக்கொள்ளுவாள். ஆனால் ஆடி பிறக்க முன்னம் செய். ஆடியில புதுசாத் தொடங்கினால் அதுக்கும் ஏதாவது சொல்லுவாள்."

குறித்த நாள் ஜூலை 13, ஞாயிறு. காலை பத்து இருபதிலிருந்து பதினொரு மணி வரை நல்ல நேரம். அண்ணனே பஞ்சாங்கம் பார்த்திருக்கிறார், பாவம்.

ஜூலை 12, சனி

எல்லாம் பூட்டியாயிற்று. சாவியை மட்டும் திருப்பவில்லை. நாளைக்கு.

ஜூலை 13, ஞாயிறு

சீ.

ஒழுங்காக எழுதுகிறேன்.

மச்சாள் வந்தா. ஒன்பது மாதம் என்று எழுதினேன், ஒரு வருடமே ஆகிவிட்டது. பட்டுச்சேலை கட்டி வந்தா, கராஜுக்கு! எனக்கு அதைப் பார்த்ததும் மனம் இளகிவிட்டது. "வாங்கோ மச்சாள்" என்றேன். "ம்" என்றா. அந்த "ம்" போதும் எனக்கு.

நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினோம் (பெற்றோல் குழாயிலிருந்து இருபதடி தள்ளி, ஞானேந்திரன் அண்ணை கையில் தீயணைப்பானோடு). பிறகு ஞானேந்திரன் அண்ணையின் மனைவிதான் தொடக்கினா: முதல் சாவி கைராசிக்காரர் திருப்ப வேண்டுமாம். ஆர் கைராசிக்காரர்? ஒருவரைச் சொன்னால் மற்றவருக்குக் கோபம். சரி, எல்லாரும் ஒரு தரம் லைட் எரியுமட்டும் திருப்பி நிறுத்துங்கோ, கடைசியாக மச்சாள் முழுக்கத் திருப்பி ஸ்டார்ட் பண்ணட்டும் என்றார் அண்ணன். பெரிய ராஜதந்திரி.

ஞானேந்திரன் அண்ணை, அவர் மனைவி, அவவின் தங்கச்சி, அண்ணன், திருமாறன், அவன் மனைவி, தக்ஷினி, மாக்கிரட் (சிலுவை போட்டுக்கொண்டு திருப்பினாள்). எட்டுப் பேர். ஒவ்வொரு முறையும் டாங்கிக்குள் பம்ப் "ஈஈ" என்று பாட, எல்லாரும் கைதட்டினார்கள். அபினவ் மட்டும் "அத்தை, ஒரு நிமிஷம்…" என்று ஏதோ சொல்ல வந்தான். தேங்காய்ச் சொட்டு ஒன்றை அவன் வாயில் வைத்துவிட்டார்கள்.

வரிசையில் நான் இல்லை. என்னுடைய கார். யாரும் கூப்பிடவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

ஒன்பதாவதாக மச்சாள். கண்ணை மூடிக் கும்பிட்டு, முழுக்கத் திருப்பினா. இஞ்சின் ஒருக்கா இருமி, கறுப்புப் புகை கக்கி, நின்றது. திருப்பி. ஒன்றுமில்லை. திருப்பி. ஒன்றுமேயில்லை. அப்போது ஞானேந்திரன் அண்ணையின் மச்சினிச்சி, அந்த வாய்க்காரி, மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னா: "கைராசி இல்லைப் போல."

மச்சாளின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவியிலிருந்து கையைச் சுட்டுக்கொண்டது போல எடுத்தா. போய் அண்ணனின் காரில் ஏறி உட்கார்ந்தா.

எல்லாரும் போன பிறகு அபினவ் மேனுவலின் முப்பத்தோராம் பக்கத்தை நீட்டினான். ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும், ஸ்டார்ட் ஆக வசதியாக, பெட்டி இஞ்சினுக்குள் ஒரு மிடறு பெற்றோல் பீச்சுமாம்! ஒன்பது பேர், ஒன்பது மிடறு. இஞ்சின் பெற்றோலில் மூழ்கிக் கிடந்தது.

"படிச்சேன் அத்தை. ஆனா ஒன்பது பேரு வரிசையில நின்னு திருப்புவாங்கன்னு எவன் நெனைப்பான்?"

ஆசீர்வாதம் கூடிப்போய் நின்ற கார் உலகத்திலேயே இது ஒன்றாகத்தான் இருக்கும். எட்டு பிளக்கையும் கழற்றித் துடைத்து, காயவிட்டு, பூட்டி, பெடலை அடிமட்டும் மிதித்துக்கொண்டு திருப்பினேன். அப்படி மிதித்தால் கணினி பெற்றோலை நிறுத்திவிடும். ஐந்தாவது சுற்றில் எழும்பியது. என்ன சத்தம்! ஞானேந்திரன் அண்ணை ஓடி வந்து, காதை வைத்துக் கேட்டு, "மோசமில்லை" என்றார். மணியைப் பார்த்தேன். நாலு ஐம்பது. நடு ராகு காலம். மூன்று பேரும் சத்தியம் செய்துகொண்டோம், அந்த நேரத்தை யாரிடமும் சொல்வதில்லை.

ஜூலை 14, திங்கள்

மச்சாளுக்கு இன்னும் சொல்லவில்லை. சொல்லலாம், ஒரு ஃபோன்தான். பஸ்ஸில் நாள் முழுக்க அதே நினைவு. ராசியில்லாதவள் என்று ஒருத்தி முன்னால் சொன்னால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்திருக்கும், இருக்கட்டும். எனக்குச் சந்தோசமாக இருக்கிறது. இது என் டயரிக் கொப்பி, இதில் பொய் எழுத முடியாது.

ஜூலை 15, செவ்வாய்

அண்ணன் எடுத்தார். குரல் சரியில்லை.

"சாப்பிடுறாள் இல்லை அஜி. கலியாணத்தில தான் ஒண்டையும் தொடமாட்டனாம், கூறைத் தட்டைக்கூட. பிள்ளைக்கு ஏதும் வந்திடுமாம். தன்ர மகளின்ர கலியாணம், பின்னால இருந்து பாக்கப் போறாளாம்."

சந்தோசம் போய்விட்டது. பின்னால் இருந்து பார்ப்பது என்ன என்று எனக்குத் தெரியாதா? அந்த இடம் எனக்கு அத்துப்படி. என் எதிரிக்குக்கூட அதைக் கொடுக்க மாட்டேன். மச்சாள் எதிரியும் இல்லை.

ஏன் நேற்றே சொல்லவில்லை? கெட்டவள் நான்.

ஜூலை 16, புதன்

ஆனி கடைசி நாள். ஷிஃப்ட் முடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு லாசாலில் அண்ணன் வீட்டுக்குப் போனேன். வழியில் மூன்று இடத்தில் வீதி வேலை, ஆரஞ்சுக் கூம்புகளுக்கு நடுவில் நாற்பது நிமிடம் ஊர்ந்தேன். காரிடம் ஒரு முக்கல் முனகல் இல்லை.

மச்சாள் பின்பக்கத் தோட்டத்தில் நின்றா. முப்பத்தோராம் பக்கத்தைத் தமிழில் சொன்னேன். ஒன்பது திருப்பு, ஒன்பது மிடறு.

"அப்ப என்ர கை…"

"உங்கட கையில ஒரு பிழையுமில்லை மச்சாள். முதலாவதாத் திருப்பியிருந்தால் உங்களுக்குத்தான் ஸ்டார்ட் வந்திருக்கும். பெற்றோல் கூடிப்போச்சு, அவ்வளவுதான்."

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"ஞாயிறே தெரியும்." பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. "நீங்கள் கொஞ்சம் துடிக்கட்டும் எண்டு விட்டனான். மன்னியுங்கோ."

ஏசுவா என்று நினைத்தேன். ஏசவில்லை. நேரே போய்க் காரில் ஏறி, சாவியைத் திருப்பினா. ஒரே திருப்பில் எழும்பியது. மச்சாளின் கண் நிறைந்துவிட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தா, போகப் புறப்பட்ட ஆள் மாதிரி. பிறகு இறங்கி, எனக்கு ஒரு பை கத்தரிக்காய் தந்தா. போன வருடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கத்தரிக்காய் நல்லது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஆடியில் தொடங்கத்தான் கூடாது, ஓடிப் பார்க்கலாம். கராஜ் முற்றத்தில், முப்பத்தொரு பாகை வெயிலில், நியூட்ரலில் ஐம்பது நிமிடம் விட்டேன். நிற்கவில்லை. முன்பு என்றால் காலைப் பெடலில் வைத்து விடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், எடுத்தால் நின்றுவிடும். இன்று பெடலிலிருந்து காலை எடுத்து, இறங்கி, மூலைக்கடைத் தெப்பனேரில் ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சோடாவைக் குடிக்கும்போதுதான் யோசனை வந்தது. இருபத்துமூன்று கலியாணத்தில் ஒன்றில்கூட நான் தாலி கட்டுவதைப் பார்த்ததில்லை. "வாங்கோவன் உள்ளுக்கு" என்று யாராவது சொன்னால், "காலை எடுத்தால் கார் நிண்டுபோகும்" என்பேன். மாப்பிள்ளை இறங்கிய பிறகும்! அது உண்மைதான். அதற்குப் பின்னால் ஒளிந்திருந்ததும் உண்மைதான். இனி என்ன சொல்வேன்?

ஆகஸ்ட் 29, வெள்ளி

மஞ்சள் காருக்குச் சிவப்பு மாலை. தக்ஷினி வந்து கட்டிவிட்டுப் போனாள். ஓட்டப்போவது நான்தான், மச்சாள் ஒத்துக்கொண்டாவாம். போதும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நேற்று.

ஊர்வலம் பத்து நிமிடம் என்றுதான் பேச்சு. அபினவின் சென்னைக் கூட்டாளிகள் காருக்கு முன்னால் ஆடத் தொடங்கி அதை நாற்பது நிமிடம் ஆக்கினார்கள். தவில்காரருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. போன வருட மாப்பிள்ளை திருமாறன் இம்முறை தோழன். கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "மாமி, நிக்காதுதானே?" என்று பத்துத் தரம் கேட்டான். வாயை மூடடா என்றேன். அபினவ் தலைப்பாகையைச் சரித்துத் திரையைப் பார்த்துக்கொண்டே வந்தான். "ஆர்பிஎம் எழுநூத்தி ஐம்பது அத்தை. அசையவே இல்ல."

வாசலில் நிறுத்தினேன். இரண்டு பேரும் இறங்கினார்கள். ஞானேந்திரன் அண்ணையின் மனைவி ஆலாத்தித் தட்டோடு ஒரு பக்கம் நின்றா. மற்றப் பக்கம் ஆள் இல்லை. யாரையோ தேடுகிறார்கள் என்று நினைத்தேன். அப்போது மச்சாள் படியிறங்கி, மாப்பிள்ளையைத் தாண்டி, என் ஜன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றா.

"இறங்கு."

"மச்சாள், கார்…"

"கார் தன்ர பாட்டில நிக்கும். இறங்கு. மற்ற ஆள் நீதான்."

"நான் எப்பிடி… சனம் கதைக்கும் மச்சாள்."

"கதைக்கட்டும்." குரல் உடைந்துவிட்டது, ஆனால் விடவில்லை. "எனக்கு மூண்டு நாள் அஜி. மூண்டு நாளே தாங்க ஏலாமப் போச்சு. உனக்குப் பதினாலு வருசம். இறங்கு."

இறங்கினேன். தட்டில் மூன்று வாழைப்பழத் துண்டு, மேலே எரிகிற திரி. ஒரு பக்கம் அவ, மறுபக்கம் நான், மூன்று முறை சுற்றினோம். என் நகத்துக்குள் கிறீஸ் கறுப்பு அப்படியே இருந்தது. அந்த வாய்க்காரி மச்சினிச்சி முன்வரிசையில் நின்றா, வாய் திறக்கவில்லை. அபினவ் நெற்றியைக் குனிந்து தந்தான், நான் பொட்டு வைத்தேன்.

பிறகு மச்சாள் என் கையை விடவேயில்லை. மணவறைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டா. நான் கொண்டுவந்த மாப்பிள்ளை ஒருவன் தாலி கட்டுவதை முதன்முதலாகப் பார்த்தேன். மேளம் காதைப் பிளந்தது, அட்சதை என் மேலும் விழுந்தது. அழக்கூடாது என்று இருந்தேன். அழுதேன். தக்ஷினியும் என்னைப் பார்த்து அழுது மை எல்லாம் கரைந்துவிட்டது.

ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான் காரின் நினைவு வந்தது. வெளியே ஓடினேன். தவில்காரர் மதிலில் சாய்ந்து காவல் இருந்தார். கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டு, திரும்ப உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தேன்.